உயிரோடு இருப்பவை அனைத்தும் ஆண்

அந்த மீன்குஞ்சு நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக ஒரு பெண்மீன்கூட உயிரோடு இருந்ததில்லை. யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல இது, பதிவேட்டில் இருப்பது. பதிவேட்டை நம்பித்தான் ஆண்டுதோறும் தலைமையகத்திலிருந்து ஒரு பித்தளைக் கேடயம் வந்தது. பதினோரு கேடயங்களும் இயக்குநர் அறையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதற்கான இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தையும் தினமும் துடைத்து வைத்தார்கள்.

திலேப்பியாக் குளத்தில் பெண் கலந்தால் குளம் உருப்படாது என்பது தொழில் தெரிந்தவர்கள் பேச்சு. ஆணும் பெண்ணுமாக விட்டால் மூன்றாம் மாதமே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். போட்ட தீவனமெல்லாம் பிள்ளை பெறுவதிலேயே போய், கடைசியில் குளம் நிறைய விரல் நீளச் சில்லறை. ஆணை மட்டும் விட்டால் கிண்ணென்று வளரும். ஆகவே பொரித்த குஞ்சுக்கு முதல் இருபத்தொரு நாள் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் போடுவார்கள். பெண்ணாகப் பொரித்ததும் ஆணாக வளர்ந்துவிடும். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் நூற்றுக்கு மூன்று நாலு தப்பிவிடும். மற்ற நிலையங்கள் அதை அப்படியே எழுதி, திட்டு வாங்கிக்கொண்டன. இந்த நிலையத்தில் மட்டும் தப்பவில்லை. அதற்குக் காரணம் மருந்தல்ல, சோதனை முறை.

குஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நூறை எடுப்பார்கள். வயிற்றைக் கீறி, உள்ளேயிருந்து நூல் போன்ற ஒன்றை உருவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பொடி தூவியது போலத் தெரிந்தால் ஆண். வட்டம் வட்டமாகத் தெரிந்தால் பெண். இந்த வேலையை இருபது வருஷமாகச் செய்துவந்தவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்றார்கள். அவருக்கு ஒரு கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும்.

லென்ஸ்காரர் தட்டில் பெண் வராமலில்லை. வந்தது. ஆனால் பெண் என்று தெரியவரும்போது அந்த மீன் செத்திருந்தது. செத்த மீனைத் தொட்டிக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே படிவம் ஒன்பதில் முடிவு எழுத இரண்டு பத்திகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன: "ஆண் – உயிருடன்", "பெண் – உயிரிழந்தவை". தொட்டியில் மிச்சம் நீந்துவது எதுவும் பெண் என்று நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாததால் ஆண். விழுக்காடு நூறு. இதைக் கண்டுபிடித்தவர் இப்போதைய இயக்குநர். அதற்காகவே அவர் இயக்குநரானார்.

முட்டையிடும் தாய்மீன்கள் சாலைக்கு எதிர்ப்புறம் வேறொரு துறையின் கீழ் இருந்தன. அந்தத் துறையோடு இவர்களுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

மருந்தைத் தீவனத்தில் கலப்பவளைக் கலவைக்காரி என்று கூப்பிட்டார்கள். முப்பத்து நாலு வயது, ஆறு வருஷ சர்வீஸ். வெள்ளைப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, மாவாக அரைத்த தீவனத்தின் மேல் தெளித்து, இரண்டு கையாலும் பிசறி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஜன்னல் திறந்தால் மாவு பறக்குமென்பதால் ஜன்னல் திறக்கக் கூடாது. கையுறை இருந்தது. ஒரு ஜோடி. ஆய்வுக்கு வருகிறவர்கள் "கையுறை இருக்கிறதா?" என்று கேட்பார்கள் என்பதால் அதைச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். போட்டால் கிழிந்துவிடும். கிழிந்தால் இருக்கிறது என்று எழுத முடியாது.

முதலில் போனது குரல். அவளுடைய கணவர் பேருந்து நிலையத்தருகே சாவி வெட்டும் கடை வைத்திருந்தார். ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"யாருப்பா பேசறது? வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

"நாந்தாங்க."

"நாந்தாங்கன்னா யாரு? பேரைச் சொல்லிட்டுப் போனை அவகிட்ட குடுப்பா."

"ஏங்க, நாந்தாங்க. உங்க பொண்டாட்டி."

சாவிக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார். அண்டை வீட்டாரிடமும் சொல்லிச் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவள் மேலுதட்டில் கறுப்பாக அரும்பியபோது சிரிப்பது குறைந்தது. அதற்கடுத்த மாதம் கடையிலிருந்து வரும்போது இரண்டாவதாக ஒரு ரேஸர் வாங்கிவந்து அலமாரியில் தன் ரேஸர் பக்கத்திலேயே வைத்தார். காலையில் ஒரே கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் முறைவைத்து நின்றார்கள்.

மாதவிலக்கு நின்று ஏழு மாதம் ஆனபோது மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா அவள் கையை மோந்து பார்த்துவிட்டு, "எங்க வேலை செய்யறீங்க?" என்றார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மாத்திரை எல்லாம் எழுதித் தரப்போறதில்ல. அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. வந்தா உடம்பு தானா வழிக்கு வரும். இன்னும் ஒரு வருஷம் அங்கயே கிடந்தீங்கன்னா குழந்தைங்கற பேச்சையே விட்டுடணும்."

கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் இரண்டு வருஷம் வேண்டாமென்று இருந்தார்கள். அடுத்த ஆறு வருஷம் ஏன் இல்லையென்பது இப்போதுதான் தெரிந்தது. மாமியார் ஆறு வருஷமாக அடுப்படியில் பாத்திரத்தை உருட்டி உருட்டிப் பேசிய பேச்சுக்கெல்லாம் பதில் ஒரு டப்பா வெள்ளைப் பொடி. வேலையை விட்டுவிடலாமென்றால் சாவிக்கடை ஒரு ஆளுக்கே பத்தாது. ஆகவே, தன்னைக் கலவை அறையிலிருந்து வலைக்கூடத்துக்கு மாற்றித் தரும்படி மனு எழுதினாள். வலைக்கூடத்தில் வலை அலசுவார்கள், கிழிசல் தைப்பார்கள். ஜன்னல் உண்டு.

தலைமை எழுத்தர் மனுவை வாங்கி, ஓரம் சரியாக மடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கேம்மா. பொருள், பார்வை எல்லாம் போட்டிருக்கே. ஆனா நடக்காது."

"ஏன் சார்?"

"கலவை அறை பெண்கள் பணியிடம். பெண்களுக்குக் கை மெத்துனு இருக்கும், மாவு கட்டி தட்டாது. வலைக்கூடம் ஆண்கள் பணியிடம். ஈர வலை கனம். நீ ஆணா இருந்தா இன்னிக்கே மாத்திடுவேன்."

"சார், நாலு நாளா மழிக்கல. என் மூஞ்சியைப் பாருங்க."

தலைமை எழுத்தர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மனுவில அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லியே? 'உடல்நலக் காரணம்'னுதான் இருக்கு. மீசைன்னு எழுதினா மீசைன்னு எடுத்துப்போம்."

அவள் மீசை என்று எழுதினாள்.

அது இயக்குநர் மேசைக்குப் போனதும் நிலையத்தில் பரபரப்பு உண்டாயிற்று. இயக்குநர் ஊழியர் அனைவரையும் கூட்டினார். மேடையில் கேடயங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"நண்பர்களே," என்று தொடங்கினார் இயக்குநர். "நம் மருந்து தீவனத்தில் இடப்படுகிறது. மீன் உண்கிறது. இருபத்தோராம் நாள் மருந்து மறைகிறது. எங்கே மறைகிறது என்று கேட்பவர்கள் அறிவியலின் எதிரிகள். நம் சான்றிதழின் மூன்றாம் வரி என்ன சொல்கிறது? 'மருந்து தீவனத்தை விட்டு வெளியேறாது' என்று சொல்கிறது. அதில் கையெழுத்திட்டவன் நான். அப்படியிருக்க, அது ஓர் ஊழியரின் கைவழியாக ஏறி உதட்டில் முளைத்தது என்று ஒப்புக்கொண்டால் நாளை மீன் வாங்குகிறவன் என்ன கேட்பான்? ஆகவே அம்மையாரின் மீசைக்கும் நிலையத்துக்கும் தொடர்பில்லை. அது அம்மையாரின் சொந்த முயற்சி. அதை நான் பாராட்டுகிறேன்."

கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் எப்படி?

"ஆனாலும் நாம் நியாயமானவர்கள்," என்றார் இயக்குநர். "ஒரு குழு அமைக்கிறேன்."

குழு வந்த நாளில் கையுறைப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினார்கள். குழுவில் மூன்று பேர்: இயக்குநர், தலைமை எழுத்தர், லென்ஸ்காரர். ஆண்பால், பெண்பால் சம்பந்தமான எந்த விஷயத்துக்கும் அலுவலகத்தில் இருந்தது ஒரே படிவம், படிவம் ஒன்பது. தலைமை எழுத்தர் மேலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார்.

"தொட்டி எண்?... கலவை அறைன்னு போட்டுக்கறேன். எண்ணிக்கை ஒண்ணு. நீளம்?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம்," என்றாள் அவள்.

"சென்டிமீட்டர்ல சொல்லும்மா. சரி, நானே போட்டுக்கறேன். செதில் நிறம்... மாநிறம். மருந்து உட்கொண்ட நாட்கள்?"

"நான் உட்கொள்ளல சார். கலந்தேன்."

"எத்தனை நாள் கலந்தே?"

"ஆறு வருஷம்."

"இருபத்தொண்ணுக்கு மேலன்னு போட்டா போதும்." எழுத்தர் பேனாவை லென்ஸ்காரர் பக்கம் நீட்டினார். "இப்ப நீங்க சொல்லணும். ஆணா பெண்ணா?"

லென்ஸ்காரர் பாதி மூடிய கண்ணை முழுசாக மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே முறைதான் சார். வயித்தைக் கீறி, நசுக்கிப் பார்க்கணும்."

இயக்குநர் அந்த யோசனையை உடனே தள்ளிவிடவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு வருத்தத்தோடு, "பணி விதியில் இடமில்லை," என்றார்.

"அப்ப மாதிரி எடுக்கப்பட்டது: பூஜ்யம்," என்று எழுதினார் தலைமை எழுத்தர். "பெண் எனக் கண்டறியப்பட்டது: பூஜ்யம். உயிரிழந்தவை: பூஜ்யம். உயிருடன்: ஒண்ணு. ஆண் விழுக்காடு..." விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நூறு."

இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். கலவை அறையிலும் நூறு விழுக்காடு என்பது அவர் எதிர்பார்க்காதது. படிவத்தின் ஒரு நகல் அன்றே தலைமையகத்துக்குப் போயிற்று.

"வாழ்த்துகள்ப்பா," என்று தலைமை எழுத்தர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆண்கள் பணியிடத்துக்குத் தகுதியாயிட்டே. நாளையிலிருந்து வலைக்கூடம்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னவென்று எழுதினால் என்ன, ஜன்னல் கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சாவிக்காரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"அண்ணே, உட்காருங்கண்ணே. டீ சாப்பிடறீங்களா?"

"போங்க, உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்."

"கட்டின பொண்டாட்டி கவர்மென்ட் கணக்குல ஆம்பளை. நான் அழுதா நல்லாவா இருக்கும்?"

வலைக்கூடத்தில் ஈர வலை கனமாகத்தான் இருந்தது. முதல் மாதம் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. நாலாம் மாதம் ரேஸரைத் தேட மறந்துபோனாள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்து, ஒரு வருஷமாக மாமியாரிடம் சொல்லாத ஒரு சேதியை, மாதவிலக்கு வந்ததைச் சொன்னாள். மாமியார் பாத்திரத்தை உருட்டாமல் மெதுவாகக் கீழே வைத்தாள். குரல் கடைசியாகத்தான் திரும்பிற்று. அதுவும் முழுசாகத் திரும்பவில்லை. அதற்குள் அவள் உண்டாகியிருந்தாள்.

ஐந்து மாதம் வரை சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மறைத்துப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா கொடுத்த சான்றிதழை இணைத்து, பேறுகால விடுப்பு கேட்டு மனு எழுதினாள். பொருள், பார்வை எல்லாம் போட்டாள்.

தலைமை எழுத்தர் படித்தார். இந்த முறை ஓரத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?"

"குழந்தை சார்."

"அது தெரியுது. நம்ம நிலையத்துல நூறு விழுக்காடு ஆண். அதுல நீயும் ஒண்ணு. தலைமையகத்துல ஃபைல் இருக்கு. இப்ப நீ வந்து வயித்தைத் தள்ளிட்டு நிக்கறியே, பன்னெண்டாவது கேடயத்துக்கு ஆய்வு அடுத்த மாசம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அந்தப் படிவத்தைத் திருத்திடுங்க சார்."

"அனுப்பின படிவத்தைத் திருத்தறதுக்குப் படிவம் இல்ல."

மறுபடி கூட்டம். இந்த முறை ஊழியர்கள் இல்லை; குழு மட்டும். அவளை நிற்கவைத்தே பேசினார்கள். லென்ஸ்காரர் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். இயக்குநர் பார்த்த பார்வையில் மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வழிமுறை தெளிவாகவே இருக்கிறது," என்றார் இயக்குநர். "ஆண் தொட்டியில் பெண் தென்பட்டால் மறு சிகிச்சை. இருபத்தொரு நாள் மீண்டும் மருந்து. அம்மையார் நாளையிலிருந்து கலவை அறைக்குத் திரும்பட்டும். இருபத்தோராம் நாள் பார்ப்போம்."

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என் குழந்தை என்னாகும் சார்?"

"நல்லதுதான் ஆகும். ஆணாகும்."

"நான் போக மாட்டேன் சார். என்னைக் கொன்னாலும் அந்த ரூமுக்குப் போக மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அலுவலகத்தில் மறுத்துப் பேசிய முதல் வாக்கியம் அது. அதையும் தலைமை எழுத்தர் குறித்துக்கொண்டார். குறித்ததைப் படித்துப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"சார், அம்மாவே வழி சொல்லிட்டாங்க. பாருங்க, படிவம் ஒன்பது, ரெண்டாம் பத்தி. 'பெண் – உயிரிழந்தவை'. டாக்டர் சான்றிதழே கையில இருக்கு, பெண்ணுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. நிரூபணமானா ரெண்டாம் பத்திக்குப் போயிடணும். அங்க போயிட்டா உயிருடன் இருக்கறதுல நூறு விழுக்காடு அப்படியே நிக்கும்."

"அப்படின்னா நான்..."

"பதறாதே. செத்தவங்களுக்குச் சலுகை நிறைய. உயிரோட இருந்தா பேறுகால விடுப்புக்கு என்ன பாடு படணும் தெரியுமா? செத்தா விடுப்பே கேக்க வேண்டாம்."

ஆணை மறுநாள் வந்தது. மேற்படி ஊழியர் பணியிலிருக்கும்போதே காலமானார் என்றும், நிலையம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது என்றும் அதில் இருந்தது. நகல், மேற்படி ஊழியருக்கு.

இரங்கல் கூட்டம் ஆய்வுக்கு முந்தின நாள் நடந்தது. அவள் வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வலைக்கூடத்துச் சாவி அவளிடம் இருந்தது. பொறுப்பை ஒப்படைக்காமல் காலமாக முடியாது என்று தலைமை எழுத்தர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேசைமேல் அவளுடைய அடையாள அட்டைப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் கறுப்பு நாடா ஒட்டி வைத்திருந்தார்கள். வலைக்கூடத்துக்கு மாறின வாரத்தில், ஆண் அட்டைக்காக மழிக்காமல் எடுத்த படம். மீசை தெளிவாகத் தெரிந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவர் ஆணாக இருந்தவரை நம்மோடு இருந்தார். பெண்ணானார், பிரிந்தார். இதிலே நமக்கொரு பாடம் இருக்கிறது. வெளியிலே சிலர் கேட்கிறார்கள், இந்த நிலையத்தில் பெண்களின் நிலை என்ன என்று. நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன்: இங்கே எந்தப் பெண்ணும் துன்பப்பட்டதாகப் பதிவே கிடையாது. பெண்ணே பதிவில் கிடையாது! மறைந்தவருக்கு நான் கையுறை தரவில்லை என்கிறார்கள். தந்திருந்தால் இன்று அந்தக் கையுறை நம்மிடையே இருந்திருக்குமா? ஊழியர் வருவார், போவார். உபகரணம் நிலைக்க வேண்டும்."

இரண்டு நிமிட மௌனத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். லென்ஸ்காரர் அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"நீங்க உட்காருங்கம்மா. ஏழு மாசம்."

"எனக்காகத்தானே சார் எல்லாரும் நிக்கறாங்க. நான் மட்டும் உட்கார்ந்தா நல்லா இருக்காது."

ஒரு நிமிடம் ஆனபோது வயிற்றில் குழந்தை உதைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மௌனம் கலையவில்லை.

மறுநாள் ஆய்வு சிறப்பாக முடிந்தது. பன்னிரண்டாவது கேடயம் வந்து காலியிடத்தில் உட்கார்ந்தது.

சாவிக்காரர் தலைமை எழுத்தரைப் போய்ப் பார்த்தார். குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் காலமானால் வாரிசுக்கு வேலை தரும் விதி ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இருக்கு," என்றார் எழுத்தர். "ஆனா காலியா இருக்கறது கலவை அறை. அது பெண்கள் பணியிடம். நீங்க ஆம்பளை."

"அது மட்டும் உங்களுக்கு நல்லாத் தெரியுதே சார்."

"கோவிச்சுக்காதீங்க. ஒரு வழி சொல்றேன். பிறக்கப்போறது பெண்ணா இருந்தா அதும் பேருக்கே அந்த இடத்தை ஒதுக்கி வெச்சிடலாம். பதினெட்டு வயசு ஆனதும் சேர்ந்துக்கலாம். அதுவரைக்கும் மாசாமாசம் பாதிச் சம்பளம் வீட்டுக்கு வந்துடும். குழந்தை கைரேகை ஒண்ணு வேணும். அப்புறம் பெண்ணுங்கறதுக்கு நம்ம நிலையத்துச் சான்று."

சாவிக்காரர் இதை வீட்டில் வந்து சொன்னபோது சிரிப்பு மூட்டிச் சொல்லத்தான் பார்த்தார். முடியவில்லை. பாதிச் சம்பளம் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் நின்று போயிற்று.

குழந்தை பெண்ணாகத்தான் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. பிறந்தவுடனே வார்டு அதிர அழுதது.

மூன்றாம் நாள் காலை, வார்டுக்குத் தலைமை எழுத்தர் வந்தார். கையில் படிவம், மைப்பெட்டி. அவர் பின்னால் லென்ஸ்காரர். லென்ஸ்காரர் கையில் ஒரு தகரப் பெட்டி. அது என்ன பெட்டி என்று அவளுக்குத் தெரியும். உள்ளே கண்ணாடித் தகடுகள், சிறு கத்தி, ஒரு புட்டி சிவப்புச் சாயம்.

"பெட்டி எதுக்கு சார்?"

"சான்று எழுதறப்ப உபகரணம் கூட இருக்கணும்மா. விதி. வேற ஒண்ணும் இல்ல," என்றார் தலைமை எழுத்தர். லென்ஸ்காரர் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சாவிக்காரர் கட்டில் காலடியில் நின்றிருந்தார். அவள் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. பாதிச் சம்பளத்தை நினைத்தாரோ பெட்டியைப் பார்த்தாரோ, தரையைப் பார்த்துக்கொண்டார்.

"குழந்தை பெண்ணுதானே?" பேனாவைத் திறந்தார் எழுத்தர்.

"இல்ல சார். ஆண்."

எழுத்தர் குனிந்து குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"இதுல பெண்ணுன்னு எழுதியிருக்கே?"

அவள் குழந்தையின் தொடையில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினாள். அது வீறிட்டது.

"உயிரோட இருக்கு பாருங்க சார். அழுவுது. அப்புறம் எப்படிப் பெண்ணா இருக்கும்?"

தலைமை எழுத்தர் படிவத்தைப் பார்த்தார். முதல் பத்தியைப் பார்த்தார், இரண்டாம் பத்தியைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு கேடயம் வாங்கிய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. "ஆண் – உயிருடன்: 1" என்று எழுதினார். தாய் என்ற இடத்தில் "காலமானார்" என்று எழுதி, குழந்தையின் கட்டை விரலை மையில் தொட்டு ஒற்றி எடுத்தார்.

"வருத்தமா இருக்கும்மா. ஆண் வாரிசுக்குக் கலவை அறை இல்ல. பாதிச் சம்பளமும் இல்ல."

"பரவால்ல சார்."

லென்ஸ்காரர் மூச்சு விட்டது வார்டு முழுக்கக் கேட்டது. "நல்ல எடை," என்று மட்டும் சொன்னார். அவருடைய இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தாள்.

"சார், அப்ப அந்த இடம் காலியாத்தான் இருக்கா? என் பொண்ணுக்குப் பத்தொம்பது நடக்குது. கை பஞ்சு மாதிரி இருக்கும் சார்."

எழுத்தர் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். கட்டிலில் இருந்தவள் எட்டி ஆயாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"அனுப்பாதம்மா. சொன்னாக் கேளு, அந்த ரூமுக்கு உன் பொண்ணை அனுப்பாத."

"ஏன், நீ ஆறு வருஷம் சம்பளம் வாங்கலியா? இப்ப எங்களுக்கு வர்றப்ப மட்டும் கண்ணு உறுத்துதா?" ஆயா முந்தானையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "நீங்க எழுதுங்க சார்."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். தலைமை எழுத்தர் எழுதுவதை நிறுத்தாமலே, தன்மையாகச் சொன்னார்:

"காலமானவங்க சொல்றதெல்லாம் பதிவாகாதும்மா."

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதன் மேலுதட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் பால் கொடுத்தாள்.